கோவை மூத்தோர் குடியிருப்பில் அன்றாட வாழ்க்கை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடவள்ளி, தொண்டாமுத்தூர், மருதமலை அடிவாரம் என்று கோவையின் மேற்கே ஓய்வுபெற்றவர்களுக்கான குடியிருப்புகள் நிறைய வந்துவிட்டன. வீட்டின் சதுர அடியும் விலையும் விளம்பரத்திலேயே இருக்கும். உள்ளே ஒரு நாள் எப்படிப் போகும், உடம்புக்கு என்ன செய்வார்கள், அம்மாவுக்கு அங்கே மனசு ஒட்டுமா என்பதெல்லாம் அதில் இருக்காது. குடிவருபவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் திரும்பத் திரும்பக் கேட்பதை இங்கே தொகுத்திருக்கிறோம். நர்சிங், பிசியோதெரபி, சமையல், நிகழ்ச்சி ஏற்பாடு ஆகிய நான்கு பக்கத்திலிருந்தும் எழுதிய பதில்கள் இவை.

இது முதியோர் இல்லம்தானே?

இல்லை. முதியோர் இல்லத்தில் உங்களுக்கென்று இருப்பது பெரும்பாலும் ஒரு கட்டிலும் ஒரு அலமாரியும். இங்கே வீடு உங்களுடையது, அல்லது நீங்கள் வாடகைக்கு எடுத்தது. சாவி உங்கள் கையில். உறவினர் வந்து தங்கலாம், நீங்கள் ஊருக்குப் போய் ஒரு மாதம் இருந்துவிட்டு வரலாம். சமையல், துப்புரவு, பிளம்பிங், ஜெனரேட்டர், செக்யூரிட்டி, ஆம்புலன்ஸ் இவற்றை நிர்வாகம் பார்த்துக்கொள்ளும்.

ஆனால் இதிலும் மூன்று நிலை உண்டு. எல்லாவற்றையும் தானே செய்துகொள்பவர்கள், குளிக்கவும் உடுத்தவும் ஒரு கை தேவைப்படுபவர்கள், படுக்கையிலோ மறதி நோயிலோ இருந்து இரவு பகலாக ஆள் தேவைப்படுபவர்கள். சில குடியிருப்புகள் முதல் நிலைக்கு மட்டுமே கட்டப்பட்டவை. 72 வயதில் அங்கே போய், 80 வயதில் இரண்டாம் நிலைக்கு வரும்போது வேறு இடம் தேடி அலைவது பெரிய கஷ்டம். மூன்று நிலையும் அதே வளாகத்தில் உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஒரு நாள் எப்படிப் போகும்?

காலை 6 மணிக்குக் காபி. 6.30க்கு நடை, 7 மணிக்கு நாற்காலிப் பயிற்சி அல்லது யோகா. 8 முதல் 9 வரை டிபன். 10 மணிக்கு நர்ஸ் அறையில் பிரஷர், சுகர் பார்ப்பது. 11 மணிக்கு ஏதாவது ஒரு நிகழ்ச்சி. 12.30க்குச் சாப்பாடு, பிறகு சின்னத் தூக்கம். 3.30க்குக் காபி, சுண்டல். 4.30க்கு விளையாட்டு, 6 மணிக்கு விளக்கேற்றிப் பாட்டு, 7.15க்கு இரவு உணவு.

நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கும் இந்த அட்டவணையைவிட முக்கியமானது வீட்டுக்கும் டைனிங் ஹாலுக்கும் நடுவே இருக்கும் தூரம். அது 150 மீட்டர் என்று வையுங்கள். மூன்று வேளைக்கும் போய்வந்தால் 900 மீட்டர். போகிற வழியில் நாலு பேரிடம் பேச்சு, ஹாலில் மூன்று முறை நாற்காலியிலிருந்து எழுவது. சாப்பாட்டைக் கேரியரில் வீட்டுக்கே அனுப்பச் சொல்பவர்கள் இந்த அத்தனையையும் ஒரே நாளில் இழக்கிறார்கள். காய்ச்சல், மழை என்றால் அனுப்புவோம். ஒரு வாரத்துக்கு மேல் கேரியர் கேட்டால் நர்ஸ் வந்து பார்ப்பார். ஏதோ ஒன்று மாறியிருக்கிறது என்பதற்கு அதுதான் எங்களுக்கு முதல் அடையாளம். வீட்டு வேலைகளை எங்களிடம் விட்டுவிடுங்கள். நடமாட்டத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

காலைக் காபியோடு மாத்திரை போடலாமா?

தைராய்டு மாத்திரையைக் காபியோடு போடக் கூடாது. அதை வெறும் வயிற்றில் வெறும் தண்ணீரில் விழுங்கிவிட்டு, காபிக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். காபி அந்த மருந்து உடம்பில் ஏறுவதைக் குறைக்கும். கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகளுக்கும் இதற்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும். தவறாமல் மாத்திரை சாப்பிட்டும் தைராய்டுக்கான ரத்தச் சோதனையில் டி.எஸ்.எச். அளவு ஏறிக்கொண்டே போகிறது என்று வருகிற பலரிடம் விசாரித்தால் 6 மணிக் காபிதான் காரணமாக இருக்கும். 5 மணிக்குத் தூக்கம் கலைந்து எழுபவர்கள் மாத்திரையையும் ஒரு டம்ளர் தண்ணீரையும் தலைமாட்டில் வைத்துக்கொண்டால் இந்தச் சிக்கல் தீர்ந்தது.

நீர் பிரியும் மாத்திரையைக் காலையில் போடுவது நல்லது. மாலை 4 மணிக்கு மேல் போட்டால் ராத்திரி நாலு முறை பாத்ரூமுக்கு எழ வேண்டிவரும், விழுவதும் அப்போதுதான். நேரத்தை மாற்றுவதற்கு முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

விடியற்காலையில் வெளியே நடக்கப் போகலாமா?

வளாகத்துக்குள் நடங்கள். மலை அடிவாரத்தில் இருக்கும் குடியிருப்புகளில் விடியும் முன் கேட்டைத் திறப்பதில்லை. யானை நடமாட்டம் உள்ள பகுதி இது. தடாகம், தொண்டாமுத்தூர் பக்கம் தோட்டங்களுக்குள் யானை வருவது வழக்கம். வெளிச்சம் வந்த பிறகு, இரண்டு மூன்று பேராகப் போகலாம்.

பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் அடிக்கும் காற்று மெலிந்த உடம்புக்காரர்களைத் தள்ளிவிடும் அளவுக்கு வேகமானது. அந்த மாதங்களில் கட்டடத்தின் மறைவில் நடக்கச் சொல்வோம். குடையை ஊன்றுகோலாகப் பிடித்துக்கொண்டு நடப்பவர்கள் காற்றில் அதை விரித்துவிட்டால் கையில் பிடிமானமே இருக்காது. மார்கழி விடியலில் குளிர் 20 டிகிரிக்குக் கீழே போகும். ஆஸ்துமாவும் இதய நோயும் உள்ளவர்கள் வெயில் ஏறி 7.30க்கு மேல் வந்தால் போதும்.

எவ்வளவு நடக்க வேண்டும் என்றால், உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 150 நிமிடமாவது, கொஞ்சம் மூச்சு வாங்கும் வேகத்தில். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகம்தான் கணக்கு. ஒரேயடியாக 30 நிமிடம் முடியாதவர்கள் 10 நிமிடமாக மூன்று முறை நடக்கலாம்.

தினமும் நடக்கிறேன். நாற்காலிப் பயிற்சி எதற்கு?

நடையால் இதயத்துக்கு நல்லது. ஆனால் டாய்லெட்டிலிருந்து எழுவதற்கும், காரிலிருந்து இறங்குவதற்கும், தடுமாறும்போது காலை ஊன்றி நிற்பதற்கும் தொடைத் தசையில் பலம் வேண்டும். அது நடையால் மட்டும் வராது. அதனால்தான் 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வாரம் 2 நாள் தசைப் பயிற்சியும் 3 நாள் சமநிலைப் பயிற்சியும் சேர்த்துச் சொல்கிறார்கள்.

சேர்ந்த முதல் வாரத்தில் நாங்கள் ஒரு சோதனை செய்வோம். கை இல்லாத, 43 செ.மீ. உயரமுள்ள நாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போடுவோம். கைகளை மார்பில் குறுக்கே கட்டிக்கொண்டு 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுவோம். 70 முதல் 74 வயதில் ஆண்கள் 12க்கும் பெண்கள் 10க்கும் குறைந்தால் விழும் அபாயம் உண்டு என்று பொருள். கையை ஊன்றித்தான் எழ முடிகிறது என்றால் எண்ணிக்கை பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தைப் பார்த்து யாரும் கலங்க வேண்டாம். அங்கிருந்துதான் பாதிப் பேர் தொடங்குகிறார்கள்.

பயிற்சி இப்படி. நாற்காலியில் ஒரு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். முன் விளிம்புக்கு நகர்ந்து உட்காருங்கள். பாதங்களை முட்டிக்குச் சற்றே பின்னால் இழுத்து வையுங்கள். மூக்கு கால் விரல்களுக்கு நேரே வரும்வரை முன்னால் குனிந்து, மூச்சை விட்டுக்கொண்டே எழுங்கள். நிமிர்ந்து நின்று இரண்டு எண்ணுங்கள். பிறகு நான்கு எண்ணும் நேரம் எடுத்து மெதுவாக உட்காருங்கள். 5 முறை செய்து, ஒரு நிமிடம் ஓய்வு, மறுபடி 5. முதல் இரண்டு வாரம் கையை ஊன்றிக்கொள்ளலாம். பிறகு ஒரு கை, பிறகு கையே இல்லாமல், அதன் பிறகு தலையணையை எடுத்துவிட்டு.

எழ முடியவில்லை என்று சொல்பவர்களில் பலருக்குக் காலில் பலம் இருக்கும், பாதம்தான் முன்னால் நீட்டியிருக்கும். அப்படி இருந்தால் யாராலும் எழ முடியாது. இன்னொன்று, குனியப் பயந்து தலையைப் பின்னால் சாய்ப்பது. மூன்றாவது, உட்காரும்போது தொப்பென்று விழுவது. பயிற்சியில் பாதிப் பலன் இறங்குவதில்தான் இருக்கிறது, தொப்பென்று விழுந்தால் அது போய்விடும், முதுகெலும்புக்கும் அடி. மூச்சை அடக்கி எழுவதும் கூடாது, பிரஷர் சட்டென்று ஏறும். முட்டி வலித்தால் உயரத்தை இன்னும் கூட்டுங்கள், எண்ணிக்கையைக் குறைக்க வேண்டாம்.

சமநிலைக்கு, சமையல் மேடையைத் தொட்டபடி நின்று ஒரு காலின் விரல்களுக்கு முன்னால் மறு காலின் குதிகால் ஒட்டும்படி நேர்கோட்டில் வையுங்கள். பிடிக்காமல் 10 விநாடி நிற்க வேண்டும். முடியாதவர்கள் பிசியோவின் பட்டியலில் முதலில் வருவார்கள்.

வாக்கர், கைத்தடி பற்றி?

தடியை வலிக்கிற காலுக்கு எதிர்க் கையில் பிடிக்க வேண்டும். வலது முட்டி வலித்தால் இடது கை. பெரும்பாலோர் மாற்றித்தான் பிடிக்கிறார்கள். உயரம், நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டுக் கோடு வரும் இடம். அடியில் இருக்கும் ரப்பர் தேய்ந்து வழவழப்பானால் ஈர டைல்ஸில் தடியே ஆளைத் தள்ளிவிடும். மாதம் ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.

யோகாவில் எல்லோரும் எல்லாம் செய்யலாமா?

கூடாது. எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள் முன்னால் குனிந்து காலைத் தொடும் ஆசனங்களைத் தவிர்க்க வேண்டும், முதுகெலும்பு நசுங்கும் அபாயம் உண்டு. கண் அழுத்த நோய் உள்ளவர்கள் தலை கீழே போகும் எதையும் செய்யக் கூடாது. அதிக பிரஷர், குடலிறக்கம், இதய நோய் இருந்தால் மூச்சை வேகமாக வெளியே தள்ளும் கபாலபாதி வேண்டாம். முட்டி மாற்று அறுவை செய்தவர்களுக்கு வஜ்ராசனம் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே தோள், கழுத்து, கணுக்காலுக்கான அசைவுகளும், மூக்குத் துவாரங்களில் மாற்றி மாற்றி மூச்சு விடும் நாடிசுத்தியும் பெரும்பாலோருக்குப் பொருந்தும். பல வருடமாகச் சிரசாசனம் செய்துவருகிறேன் என்று சொல்பவர்களிடமும் எலும்பு அடர்த்திப் பரிசோதனை எடுத்துக் காட்டச் சொல்கிறோம். பழக்கம் இருந்தாலும் 75 வயதுக் கழுத்தெலும்பு 50 வயதில் இருந்த மாதிரி இருக்காது.

பாத்ரூமில் என்ன இருக்க வேண்டும்?

கம்மோடு இருக்கை தரையிலிருந்து 45 முதல் 48 செ.மீ. பக்கத்தில் கைப்பிடிக் கம்பி 80 முதல் 90 செ.மீ. உயரத்தில். அது டைல்ஸில் மட்டும் ஒட்டியிருக்கக் கூடாது. செங்கல் அல்லது கான்கிரீட்வரை போல்ட் இறங்கியிருக்க வேண்டும். வெற்றிடக் கப்பில் ஒட்டும் கம்பியை வாங்கி மாட்டாதீர்கள், அவசரத்துக்குப் பிடித்தால் கழன்று வரும். டவல் மாட்டும் கம்பியும் கைப்பிடி ஆகாது. கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே விழுந்தவரின் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும். தாழ்ப்பாள் வெளியிலிருந்தும் திறக்கக்கூடியதாக வேண்டும். குளிக்க ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அடியில் ரப்பர் உள்ளதாக. எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் துணைக்கு ஒருவரைக் கூப்பிடுங்கள். தலையிலிருந்து வழியும் எண்ணெய் பாதத்துக்கு வந்துவிட்டால் எந்தத் தரையும் வழுக்கும்.

ராத்திரி எழும்போது கட்டில் விளிம்பில் ஒரு நிமிடமாவது உட்கார்ந்து கணுக்காலை ஆட்டிவிட்டு எழுங்கள். நின்றதும் பிரஷரின் மேல் எண் 20 புள்ளி இறங்குபவர்கள் நிறையப் பேர், அவர்களுக்கே அது தெரிவதில்லை.

விழுந்துவிட்டால்?

உடனே எழ முயலாதீர்கள், உதவிக்கு வருபவர்களும் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். ஒரு நிமிடம் அப்படியே படுத்துக் கை, கால், இடுப்பு ஒவ்வொன்றாக அசைத்துப் பாருங்கள். இடுப்பில் கடும் வலி, ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருப்பது, இவை இருந்தால் இடுப்பெலும்பு முறிந்திருக்கலாம். அசைக்காமல் ஸ்ட்ரெச்சருக்குக் காத்திருங்கள்.

வலி இல்லை என்றால் ஒரு பக்கமாகப் புரண்டு, கையை ஊன்றி, தவழும் நிலைக்கு வாருங்கள். பக்கத்தில் உள்ள கனமான நாற்காலிவரை தவழ்ந்து போய் இரண்டு கையையும் அதன் இருக்கையில் வையுங்கள். பலமான காலை முன்னால் ஊன்றி, எழுந்து, திரும்பி உட்காருங்கள். இதை மாதம் ஒருமுறை மெத்தையில் செய்து பழக்குகிறோம். தெரிந்து வைத்திருப்பவர்களுக்கு விழும் பயம் பாதி குறைந்துவிடும்.

ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர் தலையில் அடிபட விழுந்தால், நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஸ்கேன் எடுக்க வேண்டும். இதில் பேரம் கிடையாது.

சாப்பாடு உப்புச் சப்பில்லாமல் இருக்குமே?

ஒரு நாளைக்கு 5 கிராம் உப்பு, அதாவது ஒரு டீஸ்பூன், என்ற கணக்கில் சமைக்கிறோம். முதல் பத்து நாள் நாக்குக்குச் சப்பென்றுதான் இருக்கும். எலுமிச்சை, மிளகு, மல்லித்தழை, பெருங்காயம் கொண்டு சமையல்காரர்கள் அதை ஈடுகட்டுவார்கள். நாள் முழுக்கக் குறைத்த உப்பை ஒரு அப்பளமும் இரண்டு துண்டு மாங்காய் ஊறுகாயும் திருப்பிக் கொண்டுவந்துவிடும். கடையில் 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பதை நீங்களாக வாங்காதீர்கள். அதில் பொட்டாசியம் இருக்கிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் சில வகை பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே தடுமாறலாம்.

உப்பைவிட எங்களுக்குக் கவலை புரதம். வயதானவர்களுக்கு எடையில் ஒரு கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வேண்டும். 60 கிலோ உள்ளவருக்கு 60 கிராமுக்கு மேல். மூன்று இட்லியில் வருவது சுமார் 6 கிராம்தான். ரசம் சாதமும் மோர் சாதமும் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் எழும் பயிற்சி செய்தால் தசை எங்கிருந்து வரும்? அதனால் 3.30 சுண்டலை நாங்கள் நொறுக்குத் தீனியாக நினைப்பதில்லை. 50 கிராம் பாசிப்பயறை ஊறவைத்து வேகவைத்தால் 12 கிராம் புரதம். இதோடு அடை, கெட்டிப் பருப்பு, தயிர், பனீர் உண்டு. முட்டை சாப்பிடுபவர்களுக்கு ஒரு முட்டையில் 6 கிராம். சில குடியிருப்புகளில் சமையலறை முழுச் சைவம், முட்டையும் கிடையாது. சேரும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். சிறுநீரக நோயாளிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, டாக்டர் சொல்லும் அளவுதான்.

சாப்பிடும்போது அடிக்கடி இருமுகிறார் என்றால் அசட்டை செய்யாதீர்கள். பக்கவாதத்துக்குப் பிறகும் பார்க்கின்சன் நோயிலும் விழுங்குவது சிரமம். தண்ணியும் பருக்கையும் கலந்த ரசம் சாதம்தான் அவர்களுக்கு மிகக் கடினம், தண்ணி முந்திக்கொண்டு மூச்சுக்குழலுக்குப் போய்விடும். நன்றாகக் குழைத்துப் பிசைந்த ஒரே பதத்தில், நிமிர்ந்து உட்கார்ந்து, சின்ன வாயாகச் சாப்பிட வேண்டும். சாப்பிட்டு அரை மணி நேரம் படுக்கக் கூடாது.

விரத நாட்களில் சுகர் மாத்திரை?

ஏகாதசி, சஷ்டி விரதத்தை முந்தின நாளே நர்ஸிடம் சொல்லுங்கள். சாப்பிடாமல் வழக்கமான இன்சுலினோ சில வகை மாத்திரையோ எடுத்துக்கொண்டால் சுகர் இறங்கும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, பேச்சுக் குழறல் வந்தால் உடனே பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறாவிட்டால் இன்னொரு முறை. சாக்லேட் கொடுக்காதீர்கள், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். மயங்கியிருப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

என்னென்ன விளையாட்டு, நிகழ்ச்சி உண்டு?

கேரம், ரம்மி, தாயம், பல்லாங்குழி, ஆடுபுலி ஆட்டம், நவராத்திரிக்குக் கொலு, மார்கழி முழுக்கத் திருப்பாவை, திருவெம்பாவை, பொங்கலுக்குக் கோலம். பல்லாங்குழிக்குப் புளியங்கொட்டையைவிடப் பெரிய சோழி நல்லது. விரல் மரத்தவர்களுக்கும் கைக்கு அகப்படும், ஒவ்வொன்றாகக் குழியில் போடுவது விரலுக்கே ஒரு பயிற்சி. ஆடுபுலியில் 3 புலி, 15 ஆடு. தரையில் சாக்பீஸால் வரையாமல், மேசை உயரத்தில் பலகையில் வரைந்து வைத்திருக்கிறோம்.

நிகழ்ச்சி 45 நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது, பாத்ரூம் பக்கத்தில் இருக்க வேண்டும், நாற்காலிகளை வரிசையாகப் போடாமல் லாட வடிவில் போட வேண்டும். எதிரில் இருப்பவர் வாய் தெரிந்தால்தான் காது மந்தமானவர்களுக்குப் பேச்சு பிடிபடும்.

அம்மா அறையை விட்டு வெளியே வருவதே இல்லை. என்ன செய்வது?

பிள்ளைகளிடமிருந்து அதிகம் வரும் கேள்வி இதுதான். 'அங்கே யாரையும் பிடிக்கலை' என்பதுதான் அவர் சொல்லும் காரணமாக இருக்கும். அதன் அடியில் வேறு ஒன்று இருக்கும்.

முதலில் காதைப் பாருங்கள். காதில் அழுக்கு அடைத்திருக்கலாம், காதுக் கருவியின் பேட்டரி தீர்ந்திருக்கலாம். கருவி சரியாக இருந்தாலும் டைனிங் ஹாலில் எவர்சில்வர் தட்டும் கரண்டியும் மோதும் சத்தம், மின்விசிறிச் சத்தம் எல்லாம் பெருகி மண்டைக்குள் அடிக்கும். அதனால்தான் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, புரியாத பேச்சுக்குச் சிரித்துச் சமாளித்துவிட்டு, மறுநாள் வராமலே இருந்துவிடுகிறார். மூலை மேசையில், சுவருக்கு முதுகு காட்டி உட்கார வையுங்கள், கூட்டம் குறைந்த 8 மணிக்கே கூட்டிப் போங்கள். புதுக் கருவி என்றால் முதல் வாரம் வீட்டுக்குள்ளேயே இரண்டு மணி நேரம் போட்டுப் பழகட்டும்.

அடுத்தது சிறுநீர். இருமினாலோ சிரித்தாலோ கசிகிறது என்பதை மகனிடம் எந்த அம்மாவும் சொல்ல மாட்டார். பெண் நர்ஸ் தனியாகக் கேட்டால் சொல்வார். இடுப்புத் தளத் தசைப் பயிற்சி, இரண்டரை மணி நேரத்துக்கு ஒருமுறை போய்வருவது, பேட் இவற்றால் பெரும்பாலும் சமாளிக்கலாம். மூன்றாவது, ஒருமுறை விழுந்த பயம். நான்காவது, கணவர் போன துக்கம். எதிலும் நாட்டமில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்து, தூக்கமும் பசியும் கெட்டிருந்தால் அது மனச்சோர்வு, மருந்தால் குணமாகக்கூடியது. மனநல மருத்துவரைப் பாருங்கள்.

'வாங்கம்மா, நிகழ்ச்சி நடக்குது, வந்து பாருங்க' என்று கூப்பிட்டால் வர மாட்டார். 'அம்மா, சாயங்காலப் பூஜைக்கு இந்த ரெண்டு முழம் மல்லியைக் கொஞ்சம் தொடுத்துக் கொடுங்க, எங்களுக்கு நெருக்கமா வரலை' என்றால் வருவார். பூவைப் பிரித்து, நாரை நனைத்து, காம்போடு காம்பு சேர்த்து முடிச்சுப் போடும்போது அந்த விரல்கள் எதையும் மறந்திருக்காது. வேடிக்கை பார்க்கக் கூப்பிடுவதைவிட வேலை சொல்வது நல்லது. நூலகப் பதிவேடு, உணவுக் குழு, பணியாளர் பிள்ளைகளுக்கு மாலைப் பாடம், தோட்டத்தில் கீரைப் பாத்தி என்று யாருக்கு எது பொருந்தும் என்று பார்த்துக் கொடுக்கிறோம். மூன்று வாரம் பொறுங்கள்.

மறதி நோய் உள்ளவர்கள்?

தனிப் பகுதி இருந்தால் நல்லது. சாயங்காலம் 5 மணிக்கு 'வீட்டுக்குப் போகணும், அம்மா காத்திருப்பா' என்று ஒருவர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால், உங்கள் அம்மா இறந்து 40 வருடமாயிற்று என்று திருத்தக் கூடாது. அவருக்கு அந்தச் சாவு அப்போதுதான் நடக்கும். இருட்டும் முன் எல்லா விளக்கையும் போடுங்கள், பாத்ரூம் கூட்டிப் போங்கள், குடிக்க ஏதாவது கொடுங்கள், அம்மா என்ன சமைப்பார் என்று கேளுங்கள்.

நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்று உளறினால் அது மறதி நோய் இல்லை. சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு, புது மாத்திரை, மலச்சிக்கல் இவற்றில் ஒன்றாக இருக்கலாம். அன்றே டாக்டர் பார்க்க வேண்டும்.

இரவில் நெஞ்சுவலி, பக்கவாதம் வந்தால்?

கட்டில் பக்கத்திலும் பாத்ரூமிலும் உள்ள அழைப்பு மணியை அடியுங்கள், நர்ஸ் வருவார், வளாக ஆம்புலன்ஸ் அல்லது 108 வரும். வாய் கோணுவது, ஒரு கை தூக்க முடியாமல் தொங்குவது, பேச்சுக் குழறுவது இவற்றில் ஒன்று இருந்தாலும் பக்கவாதமாக எடுத்துக்கொள்ள வேண்டும். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கிய நேரத்திலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதனால் 'கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்' என்ற நேரத்தை எழுதிக்கொள்ளுங்கள். 'விடியட்டும், பார்க்கலாம்' என்ற முடிவுதான் பலரை நிரந்தரமாகப் படுக்கையில் போட்டிருக்கிறது.

வாசல் கதவின் உட்புறம் ஒரு பிளாஸ்டிக் உறை தொங்கட்டும். மாத்திரைப் பட்டியல் தேதியோடு, ஒவ்வாத மருந்துகள், கடைசி ஈ.சி.ஜி. நகல், இன்சூரன்ஸ் அட்டை நகல், இரண்டு போன் நம்பர். ரத்தத்தை இளக்கும் மாத்திரை இருந்தால் அதை மட்டும் சிவப்பு மையில் எழுதுங்கள்.

பணம், சட்டம் பற்றி என்ன கேட்க வேண்டும்?

மாதக் கட்டணம் வீட்டுக்கா, ஆளுக்கா? ஊரில் இல்லாத நாளுக்குச் சாப்பாட்டுப் பணம் கழியுமா? உதவியாளர் கட்டணம் தனியா? வைப்புத்தொகையில் எவ்வளவு, எத்தனை நாளில் திரும்பும்? இருவரில் ஒருவர் காலமான பிறகு மற்றவருக்குக் கட்டணம் எப்படி? கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார்கள், பிறகு அதில்தான் சிக்கல் வருகிறது.

இங்கே வருவதற்காகப் பழைய வீட்டைப் பிள்ளைகள் பெயரில் எழுதிவைப்பவர்கள், கடைசிவரை கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். அது மீறப்பட்டால் 2007ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கோரலாம். மனுவைக் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் கொடுக்க வேண்டும். ஆலோசனைக்கு மூத்தோர் உதவி எண் 14567, காலை 8 முதல் இரவு 8 வரை.

ஓய்வூதிய உயிர்வாழ் சான்றை மத்திய அரசு ஓய்வூதியர்கள் நவம்பர் மாதம் கொடுக்க வேண்டும், 80 தாண்டியவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். கைரேகை தேய்ந்தவர்களுக்கு முக அடையாளம் மூலம் போனிலேயே எடுத்துவிடலாம், வெளிச்சம் முகத்தில் விழும்படி ஜன்னலைப் பார்த்து உட்கார வையுங்கள்.

குடியிருப்பைப் பார்க்க எப்போது வரலாம்?

ஞாயிறு காலை வராதீர்கள், அன்று எல்லா இடமும் அழகாக இருக்கும். வார நாளில் மாலை 4 மணிக்கு, சொல்லாமல் வாருங்கள். விளையாட்டு அறையில் ஆள் இருக்கிறார்களா, டி.வி. மட்டும் ஓடுகிறதா என்று பாருங்கள். பணியாளர்கள் குடியிருப்பவர்களைப் பெயர் சொல்லிப் பேசுகிறார்களா, பொதுவாகத் 'தாத்தா, பாட்டி' என்கிறார்களா என்று காது கொடுங்கள். இரவுச் சாப்பாட்டுக்கு இருந்து, அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். கிளம்பும் முன், காட்டும் வீட்டின் பாத்ரூமில் தரையில் உட்கார்ந்து அழைப்பு மணியின் கயிறு கைக்கு எட்டுகிறதா என்று பாருங்கள். எட்டினால் இழுத்துவிட்டு, ஆள் வர எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரத்தில் பாருங்கள்.